ஈயம் மலரும் விதம்: வேட்டைக் குண்டின் இயற்பியல்

குளச்சல் கடற்கரையில் பெரியவர் ஒருவர் வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கட்டுவதை அண்மையில் அருகிலிருந்து பார்த்தேன். விரல் நீளமுள்ள ஈயத் தகட்டைக் கயிற்றின்மேல் மடித்து வைத்து, சிறு சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார். தகடு மாவைப் போல அமுங்கிக் கயிற்றைக் கவ்விக்கொண்டது. கயிற்றின் முறுக்குகூட அதன் உட்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. "ஈயம் அடிச்ச பக்கமெல்லாம் போவும் மக்களே, திரும்பி வராது" என்றார் அவர். மானையும் அதைவிடப் பெரிய விலங்குகளையும் வேட்டையாடப் பயன்படும் ரைபிள் குண்டின் இயல்பும், அதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலும் ஏறக்குறைய முழுமையாக இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. மிளாவும் கேளையாடும் சருகுமானும் வாழும் நம் மலைக்காடுகளில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. எனவே இங்கே எழுதுவது வேட்டைக்கான வழிகாட்டி அன்று. ஆயினும் ஓநாய் போன்ற இரைகொல்லிகள் அழிந்துபோன நாடுகளில் மான்களின் எண்ணிக்கையை உரிமம் பெற்ற வேட்டையே கட்டுக்குள் வைக்கிறது. அங்கே எந்தக் குண்டைத் தேர்வது என்பது ஒரு விலங்கு நொடிகளில் இறக்கிறதா, நாள்கணக்கில் துன்புற்று இறக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. அதன் பின்னால் இருக்கும் இயற்பியலும் பொறுமையாகக் கற்கத் தக்கது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். குண்டு பட்டதும் விலங்கு தூக்கி எறியப்படும் என்று திரைப்படங்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன. உலகெங்கும் மான் வேட்டைக்குப் பயன்படும் '.308 வின்செஸ்டர்' தோட்டாவில் (குண்டும் வெடிமருந்தும் சேர்ந்த முழு உருளையே தோட்டா) 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு இருப்பதாகக் கொள்வோம். கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், அதாவது நம் குன்றிமணி எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். எனவே 150 கிரெய்ன் குண்டின் எடை 9.7 கிராம், ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அது குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 200 கிலோ எடையுள்ள ஆண் மிளா ஒன்றின் உடலுக்குள் அது முழுவதுமாக நின்றுவிட்டால்கூட, உந்த அழிவின்மை விதிப்படி அந்த உடலுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர்தான். துப்பாக்கி சுடுபவரின் தோளைத் தள்ளுவதைவிட அதிகமாகக் குண்டு விலங்கைத் தள்ள முடியாது.

அப்படியானால் குண்டு செய்வது என்ன? குறுகிய பாதை ஒன்றில் திசுக்களைக் கிழித்து, இரத்த ஓட்டத்தை நிறுத்துவது. இதயமும் நுரையீரலும் அவற்றோடு இணைந்த பெருநாளங்களும் இருக்கும் மார்புப் பகுதி ஒரு சாதாரண மானில் ஏறக்குறைய ஒரு சாண் அகலமே உள்ளது. அங்கே பாதை அகலமாகக் கிழிபட்டால் இரத்த அழுத்தம் சரிந்து, பத்துப் பதினைந்து நொடிகளில் மூளை செயலிழக்கிறது. அந்த நொடிகளில்கூட மான் ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிடக்கூடும். பாதை குறுகியதாக இருந்தால் நுரையீரல் மெல்லவே கசியும். விலங்கு புதருக்குள் மறைந்து, கண்டெடுக்கப்படாமலே சாகும். நம் மலையோரங்களில் கள்ள வேட்டைக்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டுகளை நிரப்பிச் சுடுவதன் கொடுமை இதுதான்: ஆழமும் இல்லை, அகலமும் இல்லை, காயம் மட்டுமே மிச்சம்.

1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையும் டச்சுப் படையும் மோதியபோது இரு தரப்பின் துப்பாக்கிகளிலும் இருந்தது உருண்டையான வெறும் ஈயம். அன்றைய மெதுவான வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கியபின் குண்டின் வேகம் பெரிதும் உயர்ந்தது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் உட்புறச் சுருள் புரிகளில் உரசி அப்பிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882லேயே வடிவமைத்திருந்த செப்பு உறையிட்ட குண்டு இதற்குத் தீர்வாகியது. ஆனால் முழு உறை ஈயத்தின் இளகும் குணத்தைப் பூட்டிவைத்துவிட்டது. கூர்முனையும் முழு உறையும் கொண்ட குண்டு உடலுக்குள் ஊசிபோல் போய் மறுபுறம் வெளியேறலாம். இடையில் பக்கவாட்டில் புரண்டு கிழிக்கவும் கூடும். எது நேரும், எந்த இடத்தில் நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கொல்கத்தாவுக்கு அருகில் டம்டம்மில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் நெவில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். குண்டு உள்ளே போனதும் விரிந்தது. 'டம்டம் குண்டு' என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளை விலக்கியது. வேட்டையின் நியாயமோ நேர் எதிரானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், மானை ரைபிளால் சுடுவதானால் மென்முனை (முனையில் ஈயம் வெளிப்பட்ட) அல்லது குழிமுனை (முனையில் குழியிட்ட) குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பிழைக்க வாய்ப்பளிப்பது போர்க்களத்தில் கருணை என்றால், வேட்டையில் விரைவான சாவே கருணை என்று அந்தச் சட்டம் கருதுவதாகவே நான் புரிந்துகொள்கிறேன்.

விரிவு எப்படி நிகழ்கிறது என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்றில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும்: காற்றின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. திசுவில் பெரும்பகுதி நீர். காற்றைப் போல ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தி. நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் அதற்குள் நுழையும் குண்டின் முனையில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,400 மடங்கு அழுத்தம் எழுகிறது. ஈயம் நெகிழ்வதற்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. முனையில் வெளிப்பட்ட ஈயம் பின்னோக்கிப் பிதுங்கி வழிகிறது. செப்பு உறை கிழிந்து இதழ்களாக மடிகிறது. குண்டின் விட்டம் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகிறது. இவ்வளவும் முதல் சில சென்டிமீட்டர்களுக்குள், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. சுற்றியுள்ள திசு வெளியே உதறப்பட்டு, கணநேரக் குழி ஒன்று உண்டாகி மீண்டும் மூடிக்கொள்கிறது. நெகிழும் நுரையீரல் அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும், கல்லீரல் பிளந்துவிடும். இவற்றை அளக்க, தசைக்குப் பதிலாக 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட்டுப் பார்க்கும் முறையை அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் நிலைநிறுத்தினார்.

அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்திருப்பதால் ஒரே குண்டு அருகிலும் தொலைவிலும் வெவ்வேறு பொருளைப்போல நடந்துகொள்கிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் முனையின் அழுத்தம் கால்வாசியாகிவிடும். அப்போது முனை திறக்காமலே போகலாம். சாதாரண ஈயக் குண்டுகள் பல நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே நம்பிக்கையாக விரிவதில்லை. மாறாக, மிக அருகில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் குண்டு மேற்பரப்பிலேயே சிதறி, உள்ளுறுப்பை எட்டாமல் நின்றுவிடுகிறது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் பெரிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டபோது நேர்ந்தது இதுவே. அவர் ஊர் திரும்பியபின் வடிவமைத்த குண்டில் செப்பினாலான குறுக்குச் சுவர் ஒன்று ஈயத்தை முன்னறை, பின்னறை என்று இரண்டாகப் பிரித்தது. முன்னறை விரிந்து சிதறினாலும் பின்னறை உருக்குலையாமல் ஆழத்துக்குப் போகும். எண்பது ஆண்டுகள் ஆகப்போகும் அந்த யோசனை இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஈயத்தை உறையோடு பற்றவைத்து ஒட்டிவிடும் குண்டுகளும் இதே சிக்கலுக்கான வேறொரு விடை.

விலங்கின் பருமனுக்கு ஏற்பக் குண்டைத் தேர்வோர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. எடைக்கும் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். தேங்காய் உரிக்கும் பாரையும் உலக்கையும் ஒரே எடையில் இருந்தாலும் நெற்றுத் தேங்காயில் எது இறங்கும் என்பது நமக்குத் தெரியும். ஒரே விட்டத்தில் நீளமான, கனமான குண்டு ஆழமாகப் போகும். ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள மெல்லிய மானுக்கு விரைவாகத் திறக்கும் இலகுவான குண்டு பொருந்தும். அதையே முந்நூறு கிலோ எல்க் மானின் தோளில் சுட்டால் பாதியில் நின்றுவிடும். '.223' தோட்டாவின் 55 கிரெய்ன் குண்டு கிட்டத்தட்ட 1,740 ஜூல் ஆற்றலோடு புறப்படுகிறது, மேற்சொன்ன '.308' குண்டின் ஆற்றல் 3,600 ஜூல். ஆங்கிலேயச் சட்டம் பெரும்பாலான மான்களுக்கு 2,300 ஜூலைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருப்பதன் காரணம் இங்கே விளங்கும். காட்டெருமை என்று நாம் தவறாக அழைக்கும் நம் காட்டுமாட்டைப் போன்ற ஆயிரம் கிலோ விலங்கானால் கணக்கு முற்றிலும் வேறு. ஆப்பிரிக்காவில் யானைக்கு விரியவே விரியாத திண்மக் குண்டுகளைப் பயன்படுத்துவதும் ஆழம் கருதித்தான்.

வான்வழிப் பயணத்தில் சொல்ல வேண்டியது குறைவு. குழலின் சுருள் புரிகள் குண்டை நிமிடத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் முறை சுழற்றுகின்றன. பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல் அது முனை விலகாமல் பறக்கிறது. மேலே சொன்ன குண்டு 300 மீட்டரைக் கடக்க 0.4 நொடி எடுத்துக்கொள்கிறது; அதற்குள் முக்கால் மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. நம் முப்பந்தல் காற்றாலைகளை நன்றாகச் சுழற்றும் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று குறுக்கே வீசினால், அதே தொலைவில் அது அரை மீட்டர் விலகும். மார்பின் அகலமோ ஒரு சாண். நேர்மையான வேட்டைக்காரர்கள் காற்று நாளில் விசையைத் தொடாமல் திரும்புவது இதனால்தான். ஒரே வடிவில் இரண்டு குண்டுகள் இருந்தால் அடர்த்தி மிகுந்தது வேகத்தைக் குறைவாக இழக்கும். மணவாளக்குறிச்சியில் அலை வெண்மணலை அடித்துச் செல்ல, கனமான கரிமணல் பின்தங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் எடையுள்ள ஈயம் இத்தனை காலம் கோலோச்சியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஈயம் இளகுவதோடு நிற்பதில்லை; உதிரவும் செய்கிறது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களின் உடல்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் உலோகத் துகள்கள் இருந்தன. குறைந்தது 15, அதிகம் 409. அந்த இறைச்சியைக் கொத்துக்கறியாக்கிக் கட்டிய 234 பொட்டலங்களில் மூன்றில் ஒரு பங்கில் துகள் கண்டது. நாவில் உணர முடியாத அளவுக்கு அவை சிறியவை. ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது.

மனிதர் உண்ணாமல் காட்டில் விட்டுவரும் குடலும் உடல் மிச்சங்களும் பறவைகளுக்கு இரையாகின்றன. அவற்றின் கடுமையான வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் கலக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் சீகா மான்களின் உடல் மிச்சங்களைத் தின்ற ஸ்டெல்லர் கடற்கழுகுகள் செத்து விழுந்தபின், அங்கே மான் வேட்டையில் ஈய ரைபிள் குண்டு 2000ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிஃபோர்னியாப் பெருங்கழுகை இன்றும் அதிகம் கொல்வது ஈய நஞ்சே. கலிஃபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முழுமையாக விலக்கியது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ஈய ரைபிள் குண்டுகளைத் தடை செய்தது. பிணந்தின்னிக் கழுகுகளைக் கால்நடை மருந்து ஒன்றால் ஏறக்குறைய முழுவதும் இழந்த நம் நாட்டினருக்கு இந்தச் செய்திகள் அயல்நாட்டுச் செய்திகளாகத் தோன்றக் கூடாது.

மாற்று உலோகம் செம்பு. அது ஈயத்தைவிடப் பல மடங்கு உறுதியானது என்பதால் முனை தானாகப் பிதுங்காது. ஆகவே முனையில் ஆழமான குழி இட்டு, குழியின் சுவரில் மெல்லிய கீறல்கள் வெட்டுகிறார்கள். நுழையும் திரவத் திசு குழிக்குள் அடைபட்டு, அந்த இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தைச் சுவரின்மேல் உட்புறமிருந்து செலுத்துகிறது. சுவர் கீறல்களின் வழியே பிளந்து நான்கு அல்லது ஆறு இதழ்களாக மடிகிறது. வேகம் போதாவிட்டால் குழி திறக்காது. ஆகவே செப்புக் குண்டைத் தேர்பவர் நொடிக்கு 600 மீட்டருக்குக் குறையாத வேகம் கிடைக்கும் தொலைவுக்குள் சுட வேண்டும். தாம் பழகிய ஈயக் குண்டைவிட ஒரு படி இலகுவானதை எடுத்து வேகத்தைக் கூட்டுவது வழக்கம். அடர்த்தி குறைவு என்பதால் அதே எடையில் செப்புக் குண்டு நீளமாகிவிடும். நீண்ட குண்டை நிலைப்படுத்த வேகமான சுழற்சி தேவை. பழைய துப்பாக்கியின் புரி அதற்குப் போதாமலும் இருக்கலாம். விலையும் கூடுதல்தான்.

சுட்ட பிறகு ஜெலட்டின் கட்டியிலிருந்து இரண்டையும் தோண்டியெடுத்து, வடசேரி நகைப் பட்டறைகளில் இருப்பது போன்ற நுண்தராசில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். இதழ் விரிந்த செப்புக் குண்டு புறப்பட்டபோது இருந்த ஒன்றேகால் பவுன் எடையை ஏறக்குறைய அப்படியே காட்டும். காளான் வடிவில் அமுங்கிய சாதாரண ஈயக் குண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவது அரிதன்று. இருபத்தைந்து குன்றிமணிக்கு மேற்பட்ட அந்த ஈயம், கட்டியை எக்ஸ்ரே எடுத்தால், பாதையின் இருபுறமும் தூவிய வெண்புள்ளிகளாகத் தெரியும்.