பிளாஸ்டர் வாளிக்குள் கை வைக்காதீர்கள்

மிக்ஸட் மீடியா, அதாவது பலவகைப் பொருட்களைச் சேர்த்துச் செய்யும் கலை, கற்க வருகிறவர்கள் வார்னிஷ் டப்பாவில் இருக்கும் எச்சரிக்கையைத் தேடிப் படிக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பையை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாவு மாதிரி வெள்ளையாக இருக்கிறது, வாசனை இல்லை, எலும்பு முறிந்தால் மருத்துவரே அதில்தான் கட்டுப் போட்டிருக்கிறார். பிறகு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அது சூடாகும். ஜிப்சம் என்ற கனிமத்தை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சுட்டு, அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பதுதான் இந்தத் தூள். நாம் தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரை அது திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சமாகிறது. அந்த வினையில் வெப்பம் வெளியேறும். பலகையில் மெல்லிசாகப் பூசினால் லேசான வெதுவெதுப்போடு போய்விடும். ஒரு வாளி நிறைய இருந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் நடுவில் 60 டிகிரிக்கு மேலும் போகலாம். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில விநாடிகள் போதும். கலவை கெட்டியாக இருந்தாலும், வெந்நீரில் கலந்தாலும் ஆபத்து கூடும்.

2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருவர் பள்ளிக் கலை வகுப்பில் தன் கைகளையே அச்செடுக்க நினைத்து, இரண்டையும் பிளாஸ்டர் கலவைக்குள் வைத்தார். அது இறுகியபின் கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை இழந்தார். இறுகும்போது பிளாஸ்டர் சுருங்குவதில்லை, சற்றே விரியும். அதனால் சுடுகிறது என்று தெரிந்த பிறகு கையை உருவிக்கொள்ளலாம் என்று நம்ப முடியாது.

கை அச்சு வேண்டுமென்றால் ஆல்ஜினேட்டில் எடுங்கள், அது தண்ணீரில் கலந்தால் ரப்பர் போல இறுகும் அச்சுத் தூள். கையை வெளியே எடுத்தபின் அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுங்கள். முக அச்சுக்குப் பிளாஸ்டர் பேண்டேஜ் (பிளாஸ்டர் படிந்த துணிப் பட்டை) போடுகிறவர்கள் புருவத்தில் தாராளமாக வாஸ்லைன் தடவி, மூக்குத் துளைகளைத் திறந்து விட்டு, மெல்லிய அடுக்குகளாகப் போடுவார்கள். பக்கத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். தனியாகச் செய்ய வேண்டாம். சுட்டுவிட்டால் பிளாஸ்டரை உடனே அகற்றி, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது.

அப்புறம் தூசி. தூளைத் தண்ணீரில்தான் தூவ வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் தூசியும் கிளம்பும், கட்டியும் பிடிக்கும். இறுகிய பிளாஸ்டரை உப்புத்தாளால் தேய்ப்பதென்றால் ஈரத்தோடு தேய்த்தால் தொல்லை குறைவு. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சில தயாரிப்புகளில் நுரையீரலுக்குக் கெடுதலான சிலிகா தூளும் கலந்திருக்கும், பையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

படைப்பு வீணாவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் கேள்விகளில் அதுதான் அதிகம். இழுத்துக் கட்டிய கேன்வாஸில் பிளாஸ்டர் பூசினால் விரிசல் விழும். துணி அசையும், பிளாஸ்டர் அசையாது. பிளைவுட் பலகையில் பி.வி.ஏ. பசையை (மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை) ஒரு கோட் அடித்து, சாக்குத் துணியைப் பிளாஸ்டரில் நனைத்து ஒட்டி, அதன் மேல் பூசினால் பிடிப்பு நன்றாக இருக்கும். உள்ளே சாதாரண இரும்புக் கம்பி வைத்தால் துரு மெதுவாகக் கசிந்து வண்ணத்தின் மேலேயே தெரியும், துத்தநாகம் பூசிய கம்பியே நல்லது. அரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டது என்று வண்ணம் அடிக்க உட்காராதீர்கள். இறுகிவிட்டதே தவிர, உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. கனமான வேலை என்றால் பல நாள் பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் வேலை கெடும். 50 டிகிரியைத் தாண்டிச் சூடு நீடித்தால் ஜிப்சம் மறுபடி நீரை இழந்து, விளிம்புகள் பொடியாக உதிரத் தொடங்கும்.

வெளியில் மழைபடும் இடத்தில் வைக்க நினைத்தால், மேலே என்ன பூசினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். பூச்சில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் போதும். அதற்கு சிமெண்டுக்கு மாறுவதே மேல்.

கடைசியாக, கழுவும் தொட்டியில் மிச்சத்தை ஊற்றாதீர்கள். பிளாஸ்டர் தண்ணீருக்கு அடியிலும் இறுகும், குழாய் வளைவில் போய் உட்கார்ந்தால் குழாயைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். கையையும் கருவிகளையும் ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, மறுநாள் வரை அப்படியே விடுங்கள். மேலே தெளிந்த நீரை மெதுவாக இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைச் சுரண்டிக் குப்பையில் போடலாம்.