டேப்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு

புதிதாக வாங்கிய மென்பொருள் தங்கள் நிறுவனத்தில் சரியாக ஓடுகிறதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, அந்தக் கணினிக்குப் பக்கத்தில் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள் என்றே பதில் சொல்கிறேன். மேசை மேல் ஒரு நீள நோட்டு, ஈஆர்பி (எல்லாப் பிரிவுகளின் கணக்கும் இருக்கும் மென்பொருள்) திரைக்கு இணையாக ஒரு எக்செல் கோப்பு, அலுவலக மின்னஞ்சலைத் தாண்டி ஒரு வாட்ஸ்அப் குழு, இவற்றில் ஒன்றுகூட இல்லாத அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் ஐ.டி. பொறுப்பில் இருந்த இத்தனை ஆண்டுகளில், இந்தப் பக்கவழிகளைத் தடுக்க நான் செலவிட்ட நேரத்தால் யாருக்கும் பயனில்லை. அவற்றை உட்கார்ந்து படித்த நேரம்தான் நிறுவனத்துக்கு உதவியது. கணினித் துறையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்கும் முதலாளிகளுக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. ஆனால் ஒரு டி-ஷர்ட் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் ஓரிடத்தில் வாங்கப்பட்டு, நிட்டிங், டையிங், துணி சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று வெவ்வேறு முதலாளிகளின் யூனிட்டுகளுக்கு டி.சி. என்னும் சரக்கு அனுப்பும் சீட்டோடு வண்டியில் போய் வந்த பிறகே கட்டிங் மேசைக்கு ஏறுகிறது. துணி வந்து சேர்ந்தாலும் அதைப் பற்றிய தகவல் வந்து சேரவில்லை என்றால் தையல் லைன் நிற்கும். லைன் நின்றால் ஷிப்மென்ட் தேதி தள்ளும். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்ற நேர்ந்தால், அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் அந்தச் செலவோடு தீர்ந்துவிடும். எங்கள் தொழிலில் தொழில்நுட்பத்திடம் எதிர்பார்க்கப்படும் முதல் வேலையே இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது என்று காட்டுவதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், அதைக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு தையல் லைனிலும் ஒரு டேப்லெட் வைத்தோம். லைன் சூப்பர்வைசர் மணிக்கொரு முறை உற்பத்தியைப் பதிவு செய்ய வேண்டும், அது அலுவலகத்தில் பெரிய திரையில் வரைபடமாகத் தெரியும் என்பது ஏற்பாடு. மூன்று மாதம் கழித்துப் பதிவுகளின் நேரத்தை எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான லைன்களில் நாள் முழுவதற்குமான எண்கள் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றப்பட்டிருந்தன. முதலாளி காலை பதினொரு மணிக்குத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது முந்தைய நாளின் கணக்கு.

நான் போட்ட உத்தரவை மீறிவிட்டார்களே என்ற கோபத்தோடுதான் அன்று தளத்துக்குப் போனேன். ஏழாவது லைனில் பதினெட்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண் சூப்பர்வைசர் இருந்தார். டேப்லெட் உறையோடு மேசை டிராயரில் கிடந்தது. மேசை மேல் ஒரு நீள நோட்டு, அதில் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்த பத்திகள், பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) எண், பீஸ் கணக்கு, ஷேடு (நிறச் சாயல்) வித்தியாசம் வந்த பண்டல்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. கடைசிப் பத்தியில் மட்டும் எண்கள் இல்லை. “ரிப் வரல” (கழுத்துப் பட்டைத் துணி), “லேபிள் இல்ல”, “பிளாட்லாக் ரிப்பேர்” (ஒரு வகைத் தையல் மெஷின்), “கரண்ட்” என்று சின்னச் சின்ன எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே எத்தனை நிமிடம் என்றும் குறித்திருந்தார். ஏன் இதை டேப்லெட்டில் போடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. “சார், அது எத்தன பீஸுன்னு மட்டும்தானுங்க கேக்குது. லைன் ஏன் நின்னுச்சுன்னு அது கேக்கறதே இல்லீங்க.”

அவர் சொன்னது முழு உண்மை. மென்பொருள் விற்றவரும் நானும் மாநாட்டு அறையில் உட்கார்ந்து வடிவமைத்த திரையில் பதினெட்டு கட்டங்கள் இருந்தன. ஸ்டைல் எண், பிஓ (ஆர்டர்) எண், சைஸ், கலர் எல்லாம் இருந்தன. நிறுவனம் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. அதோடு, தகரக் கூரைக்கும் இரும்பு ரேக்குகளுக்கும் நடுவே வைஃபை அடிக்கடி அறுந்ததால், பாதி நிரப்பிய திரை அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அறுபது பேர் வேலை செய்யும் லைனைக் கவனித்துக்கொண்டு அதை ஒருவர் எத்தனை முறை செய்வார்? அந்த நோட்டைப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கவே கூடாது. எங்கள் நிறுவனத்தில் இருந்த மிகத் துல்லியமான உற்பத்தி ஆவணம் அதுதான்.

அடுத்த மூன்று நாட்கள் அவர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு கட்டங்களை நான்காகக் குறைத்தோம். ஸ்டைல், பிஓ போன்றவை கட்டிங் பிரிவில் ஏற்கனவே பதிவானவை என்பதால், பண்டல் சீட்டிலுள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் தாமாக வரும்படி மாற்றினோம். லைன் நின்றால் அழுத்துவதற்குத் துணி, ரிப், லேபிள், மெஷின், ஆள், கரண்ட் என்று படத்தோடு ஆறு பொத்தான்கள் வைத்தோம். வைஃபை இல்லாவிட்டாலும் பதிவு டேப்லெட்டிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் தானாகப் போய்ச் சேரும்படி செய்யச் சொன்னோம். இந்தக் கடைசி வசதிக்காக மென்பொருள் விற்றவரோடு நான் நிறையச் சண்டை போட வேண்டியிருந்தது, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமானது.

முதல் மாதக் கணக்கில் அதிக நேரம் அழுத்தப்பட்ட பொத்தான் லேபிள். மெஷின் பழுதுதான் காரணமாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், புதிய மெஷின் வாங்க விலைப்புள்ளிகூட வாங்கிவிட்டார்கள். லேபிளை பையர் (ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) சொல்லும் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர்களோ துணி உள்ளே வந்த பிறகே அதற்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். லேப் டிப் என்னும் நிற மாதிரிக்கு அனுமதி வந்த அன்றே லேபிளுக்கும் ஆர்டர் போட வேண்டும் என்று ஒரு விதி மாற்றப்பட்டது, அவ்வளவுதான். அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. நோய் எங்கே என்று காட்டுவதோடு ஐ.டி. துறையின் வேலை முடிந்த இடம் அது, மருந்து உற்பத்தி மேலாளரின் கையில் இருந்தது. தொழில் சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்லி எங்களிடம் விற்கப்படும் பல பொருட்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகின்றன என்பது என் கருத்து.

நோட்டு ஒரு வகை என்றால், வாட்ஸ்அப் இன்னொரு வகை, அதில் ஆபத்து அதிகம். அலுவலகத்துக்குத் தெரியாமல் ஊழியர்களே கொண்டுவரும் இத்தகைய கருவிகளை எங்கள் துறையில் ஷேடோ ஐ.டி. என்பார்கள். என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பையர் தரப்பு ஏஜென்ட் ஒருவர், ஒரு நீல நிறத்தின் ஷேடுக்கு வாட்ஸ்அப்பில் படம் பார்த்து “ஓகே” என்று அனுப்பினார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஷேடு சரியில்லை என்று பையர் தள்ளுபடி கேட்டார். அனுமதி கொடுத்ததற்கான ஆதாரம் அந்த மெர்ச்சண்டைசரின் சொந்த செல்போனில் இருந்தது. அவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார், போனையும் மாற்றியிருந்தார். நிறுவனம் தள்ளுபடியைக் கொடுத்துத் தீர்த்தது.

அதன் பிறகு வாட்ஸ்அப்புக்குத் தடை விதிக்கலாம் என்ற யோசனை வந்தது. நான் அதை எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். டையிங் யூனிட்டில் இருப்பவர் அதில்தான் பேசுவார், வண்டி ஓட்டுநர் அதில்தான் இடத்தை அனுப்புவார், தடை விதித்தால் பேச்சு நிற்காது, நமக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், ஆனால் விலை, ஷேடு அனுமதி, அளவு மாற்றம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் எடுக்கப்படும் முடிவு அன்று மாலைக்குள் நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ ஈஆர்பியிலோ பதிவாக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். வங்கிக் கணக்கை நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி ஏற்றுமதியாளர்களைக் குறிவைத்தே நடக்கிறது. ஏற்கனவே நம்மிடம் இருக்கும் எண்ணில் அழைத்துக் குரல் கேட்டு உறுதிசெய்யாமல் எந்தக் கணக்கு மாற்றத்தையும் ஏற்கக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

பதிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது தகராறுக்காக மட்டுமில்லை. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியோடு தொடர்புள்ள பொருட்களைக் கட்டாய உழைப்பில் உருவானவையாகவே கருதி இறக்குமதியை மறுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் இந்த ஆடையின் பருத்தி எங்கே விளைந்தது என்று பையர்கள் ஆவணம் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்த ஒழுங்குமுறையின்படி, துணிப் பொருட்களுக்கும், ஒரு பொருளின் விவரங்களைத் தாங்கிய டிஜிட்டல் பாஸ்போர்ட் வரவிருக்கிறது. நூல் மூட்டையின் லாட் எண் ஸ்டோர் கீப்பரின் வாட்ஸ்அப்பில் ஒரு மங்கலான படமாக மட்டும் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்குப் பிரிவில் இருக்கும் பக்கவழி இன்னும் நுட்பமானது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்ட விதிகளின்படி கட்டாயம். மென்பொருளும் அந்தப் பதிவை ஒழுங்காக வைத்துக்கொள்கிறது. ஆனால் உரிமத்துக்குப் பணம் மிச்சம் பிடிப்பதற்காக மூன்று பேர் ஒரே பயனர் பெயரில் உள்ளே போனால், அந்தப் பதிவு யாரையும் காட்டிக்கொடுக்காது, செய்யாத தவறிலிருந்து யாரையும் காப்பாற்றவும் செய்யாது. ஆளுக்கொரு பயனர் பெயரும், உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு போனில் வரும் இரண்டாவது உறுதிப்படுத்தலும் வேண்டும் என்று முதலாளிகளிடம் நான் மன்றாடியே கேட்டிருக்கிறேன். “பாதுகாப்பு” என்ற சொல்லுக்கு அசையாதவர்கள், இரண்டு கூடுதல் உரிமத்தின் விலையையும் ஒரு தவறான பேமென்டின் தொகையையும் ஒரே காகிதத்தில் எழுதிக் காட்டினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

தொழிலாளர்களின் ஆதார் நகல்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வரும் பிள்ளைகளின் ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம் எல்லாவற்றையும் கான்ட்ராக்டர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அந்தக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் யாரென்று யாருக்கும் தெரியாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், நம்மை நம்பி ஆவணத்தைக் கொடுத்தவரின் பெயரில் வேறொருவர் கடன் வாங்கினால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? ஒரு எளிய படிவமும், மனிதவளப் பிரிவு மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்புறையும் இருந்தால் இந்தக் குழுவே தேவையில்லை. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இப்போது புதிதாக ஒரு பக்கவழி வந்திருக்கிறது. மெர்ச்சண்டைசர்கள் பையருக்கு அனுப்பும் மின்னஞ்சலைச் சாட்ஜிபிடி போன்ற இலவசச் செயலிகளில் எழுதி வாங்குகிறார்கள், அதற்காக விலைப் பட்டியலையும், ஆடையின் அளவும் வடிவமும் அடங்கிய டெக் பேக்கையும் அப்படியே அதில் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் பணிவாக எழுத வேண்டிய பயம் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது, அந்தத் தேவையை மதித்து நிறுவனமே பணம் கட்டி ஒரு கணக்கைக் கொடுத்து, எதை அதில் போடக் கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதுமானது.

நோட்டை முழுவதுமாக ஒழித்துவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துப் பயணிகளை அனுப்பினார்கள். எழுதத் தெரிந்த ஆளும் எழுத வேண்டிய படிவமும் இருந்ததால் பல விமானங்கள் கிளம்பின. எங்கள் பேக்கிங் பிரிவில் அச்சடித்த பேக்கிங் லிஸ்ட் படிவக் கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கணினியை நிறுத்தி அதில் எழுதிப் பார்க்கிறோம்.

மாதத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு பிரிவில் போய் முழு ஷிப்டும் உட்காருவதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். போன மாதம் செக்கிங் பிரிவு. அங்கே ஒரு அம்மா கழிக்கும் பீஸ்களைக் கணினியில் பதிவதோடு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆடையின் உருவத்தை வரைந்து, கறையோ ஓட்டையோ வந்த இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். இடது தோள்பட்டைப் பக்கம் மட்டும் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. எந்த மெஷின் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அந்த ஓவர்லாக்ல எண்ணெய் கசியுதுங்க, சார். நாலு நாளா சொல்லிட்டிருக்கேன், எதுல எழுதறதுன்னு தெரியல.” அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். திரையில் ஆடையின் படத்தைத் தொட்டால் அந்த இடம் பதிவாகும்படி செய்ய முடியுமா என்று இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓவர்லாக் அன்றே சரிசெய்யப்பட்டது.