ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

போன ஆனி மாதக் கடைசியில், சாரல் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வந்துபோன ஒரு மாலையில், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேமராப் பையோடு என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அப்பாவுக்குப் பொன்வேலை. மூக்குத்தி, பேசரி, தோடு என்று செய்து டவுனில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பவர். அதையெல்லாம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்கலாம் என்பது மகனுடைய திட்டம்.

"அண்ணாச்சி, 48,000 ரூபா குடுத்து வாங்கியிருக்கேன். 24 மெகாபிக்சல், ரெண்டு லென்ஸ். மூக்குத்தி மட்டும் கடுகு மாதிரி விழுது. கிட்டப் போனா ஃபோகஸே பிடிக்க மாட்டேங்கு."

கேமராவில் ஒரு பழுதும் இல்லை. விற்றவர் ஏமாற்றவும் இல்லை. தம்பி "நல்ல கேமரா" கேட்டார், அவர் கல்யாண வீட்டுக்கும் குலசை தசராவுக்கும் நல்ல கேமராவாகக் கொடுத்துவிட்டார். மாதத்துக்கு நாலைந்து பேராவது இப்படி வாங்கிய பிறகு என்னிடம் வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேசையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். அவருடைய 18-55 ஜூம் லென்ஸை 55 மி.மீ.க்குத் திருப்பி, ஃபோகஸ் பிடிக்கிற கடைசி தூரம் வரை கிட்டப் போய் ஒரு படம். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எண்ணினால் 65 மி.மீ. ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலம். இனி கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 மெகாபிக்சல் படம் அகலவாக்கில் 6,000 புள்ளி. மூக்குத்தி 5 மி.மீ. என்றால் அதற்குக் கிடைப்பது 460 புள்ளிதான். மிச்சமெல்லாம் மேசை விரிப்பு! இரண்டாவது லென்ஸ் 55-250. அதில் 70 மி.மீ.க்கும் மேலே போய்விட்டது. பெரிய லென்ஸ் என்பதால் பெரிதாகக் காட்டும் என்று நினைத்திருந்தார், பாவம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மெகாபிக்சல் என்பது இல்லை, எத்தனை மில்லிமீட்டரில் படம் நிறையும் என்பது. சட்டைப்பையில் ஒரு 15 செ.மீ. ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேமராவைக் காட்டினாலும் அதை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பூச்சி, காசு, கல் நகை, தபால்தலை எதுவாக இருந்தாலும் இந்த ஒரு சோதனை போதும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மெகாபிக்சலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் போடும் 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சம் போதும். ஏ4 அளவுக்கே 9-ஐத் தாண்டாது. ஆகவே 12 மெகாபிக்சல் பழைய கேமராவை யாராவது மட்டமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

லென்ஸ் விஷயத்தில் நம்மூரில் ஒரு தப்பு நடந்துகொண்டே இருக்கிறது. குளோசப் வேண்டும் என்றால் உடனே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆள் முகம் எடுக்க அருமையான லென்ஸ்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கேனனின் இந்த லென்ஸ் 35 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. சின்ன சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் படம் விழுகிற தகடு) உள்ள டிஎஸ்எல்ஆரில், அதாவது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமராவில், அதைப் போட்டு ஸ்கேலை எடுத்தால் 10 செ.மீ.க்கும் மேல் விழும். பெட்டியோடு வந்த 18-55-ஐவிட மோசம். இந்த தூரம் லென்ஸ் முனையிலிருந்து அல்ல, உள்ளே இருக்கிற சென்சாரிலிருந்து கணக்கு. சின்ன பாக்கெட் கேமராக்களில் மட்டும் லென்ஸ் முனையிலிருந்து சொல்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

பாக்கெட் கேமரா என்றதும் நினைவுக்கு வருகிறது, அவற்றின் பெட்டியில் "மேக்ரோ 1 செ.மீ." என்று போட்டிருக்கும். மேக்ரோ என்றால் கிட்டப் போய்ப் பெரிதாக எடுப்பது. பொய் இல்லை. ஆனால் பெரும்பாலும் ஜூம் போடாமல், அகலக் கோணத்தில் வைத்தால்தான் அந்த 1 செ.மீ. அவ்வளவு கிட்டப் போனால் கேமராவின் நிழலே பொருள்மேல் விழும். முன்னால் இருப்பது வீங்கியும் பின்னால் இருப்பது சூம்பியும் தெரியும். கொஞ்சம் ஜூம் செய்தால் 30, 40 செ.மீ. விலகு என்கும். கடையிலேயே ஜூமைப் பாதிக்குத் தள்ளி ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும். ஒலிம்பஸின் டிஜி வரிசை இதில் தனி ரகம். அதன் மைக்ரோஸ்கோப் முறையில் ஜூம் செய்தாலும் 1 செ.மீ. வரை கிட்டப் போகலாம். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் பூச்சி எடுப்பவர்கள் விடவே கூடாது. மலிவு போன்களில் "மேக்ரோ" என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கண் ஒட்டியிருப்பார்களே, அதை நம்பி மட்டும் போன் வாங்காதீர்கள்.

எல்லோருக்கும் கேமரா வேண்டும் என்றும் இல்லை. பத்தமடையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் நெய்கிற மெல்லிய பட்டுப்பாயைப் போனில் எடுத்தால் கோரை இழைமேல் அலை அலையாக வண்ணக் கோடுகள் ஓடுகின்றன, புதுக் கேமரா வாங்கவா என்று கேட்டார். நெருக்கமான இழையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று முட்டும்போது வருகிற கோடுகள் அவை, பாயில் இல்லாதவை. ஒரு அடி முன்னே போய், போனைக் கொஞ்சம் சாய்த்து எடுக்கச் சொன்னேன். கோடு போய்விட்டது. "அப்ப கேமரா வேண்டாமா தம்பி?" வேண்டாம்க்கா.

சரி, கையில் 20,000 ரூபாய்க்குள் இருக்கிறது, நகையோ காசோ எடுக்க வேண்டும். என்ன வாங்குவது? உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபிறகு பழைய டிஎஸ்எல்ஆர்களின் விலை நன்றாக இறங்கிவிட்டது. பத்து வருஷப் பழைய நிக்கான் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்று, வெளிச்சம் நுழைகிற துளையைக் கையால் திருப்புகிற வளையம் உள்ள பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, அப்புறம் எக்ஸ்டென்ஷன் டியூப். டியூபுக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய்தான். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கிறது, அவ்வளவே. தள்ளுகிற நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் கூடுகிற உருப்பெருக்கம் வந்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதா டியூப் செட்டில் 7, 14, 28 மி.மீ. என்று மூன்று இருக்கும். மூன்றையும் சேர்த்து 50 லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். படத்தின் அகலம் இப்போதைய இரண்டு ரூபாய்க் காசின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமமாகிவிடும். ஆட்டோஃபோகஸ் இருக்காது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. கேனன்காரர்கள் மட்டும் மின்தொடர்புள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் துளையைக் குறைக்கப் பெரிய பாடு.

இன்னும் பணம் இருந்தால் நிஜமான மேக்ரோ லென்ஸ். நிக்கான் அதை மைக்ரோ என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான். ஜூம் லென்ஸ்மேல் "மேக்ரோ" என்று அச்சடித்திருப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். டாம்ரானின் பழைய 70-300 பாதி அளவுதான் தரும். நகைக்கு அது காணாது. மணிமுத்தாறு பக்கம் தட்டான், வண்ணத்துப்பூச்சி எடுக்கப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுவே தோது, ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நின்றால் பூச்சி பறக்காது.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் கொண்டுபோங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சத்தை அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரிக் கிளை ஓடியிருக்கிறதா தெரியும். பூஞ்சை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் மலையடிவார ஊர் ஒன்றில் அரை விலைக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கி, ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் வெயிலில்தான் அதைப் பார்த்தேன். எடுத்த படமெல்லாம் நீராகாரம் மாதிரிக் கலங்கல். பாபநாசம், குற்றாலம் பக்கம் வீடு என்றால் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி டின்னுக்குள் போடாதீர்கள், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

எல்லாம் வாங்கியாயிற்று, படம் இன்னும் மங்கலா? ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப் 8-ல் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மி.மீ. கூட இல்லை. அதற்காக எஃப் 22-க்குப் போனால் படம் முழுவதும் மழுங்கிவிடும். எஃப் 8, 11-லேயே நின்று, கேமராவைச் ஸ்டாண்டில் வைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம், ஜிமிக்கி ஆடுவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும்.

வெளிச்சத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். வடக்குப் பார்த்த ஜன்னல், அதில் ஒரு வெள்ளை வேட்டி, எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டை. ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டைக் கலக்க வேண்டாம். நான் கலந்து எடுத்து, ஒரு செட் வளையல் முழுக்கப் பச்சை அடித்துப்போய், மறுநாள் இலவசமாகத் திரும்ப எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தேய்ந்த செப்புக்காசு எடுப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: காசுக்கு மேலே ஒரு சாதாக் கண்ணாடித் துண்டை 45 டிகிரி சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கடித்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர் கீழே இறங்கும். கண்ணாடி வழியாக மேலிருந்து எடுக்க வேண்டியதுதான். கண்ணுக்குத் தட்டுப்படாத மீன் சின்னம்கூட எழுந்து வரும்.

கல்லிடைக்குறிச்சித் தம்பியிடம் கேமராவை விற்காதே என்று சொல்லி, ஒரு டியூப் செட் மட்டும் வாங்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. எட்டுக்கல் மூக்குத்தி, திரை நிறைய. ஓரத்துக் கல்லுக்குக் கீழே, தங்கத்தில் மயிரிழை கனத்துக்கு ஒரு அரத் தடம். "யாருக்கும் அனுப்பாதேன்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்றார் போனில். அப்பா அந்த மூக்குத்தியை வாங்கிக்கொண்டு மறுபடி பட்டறையில் உட்கார்ந்துவிட்டாராம்.