“இது நேச்சுரல்தானே டாக்டர்?”

பல்வலி என்று வருகிறவர்களில் பலர் வாயைத் திறந்ததுமே கிராம்பு வாசனை வரும். லிட்டில் இந்தியா கடையில் வாங்கிய எண்ணெயைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக்குள் வைத்திருப்பார்கள். நான் திட்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்ட ஊர் பினாங்கு. இங்கே கிராம்பைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது!

குறை சொல்லவும் தேவையில்லை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். நரம்பு வலியை உணராதபடி மரக்க வைப்பது அதுதான். நாங்களும் அதையே துத்தநாக ஆக்சைடு பொடியில் குழைத்துத் தற்காலிக ஃபில்லிங்காக வைக்கிறோம். பல் கிளினிக் வாசனை என்று நீங்கள் சொல்வது பாதி அதுதான். அந்தக் கலவையில் யூஜெனால் பொடியோடு பிணைந்துகொள்வதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். பாட்டில் எண்ணெய் அப்படியே ஈறில் வழிந்தால், அந்த இடம் வெந்து வெள்ளையாக உரியும். சிறு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் கல்லீரலே பாதிக்கப்படலாம். பாட்டிலை மாத்திரைகளோடு உயரத்தில் வையுங்கள்.

வலி நின்றுவிட்டால் சொத்தை நின்றுவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். அப்புறம் ஒரு நாள் கன்னம் வீங்கிக்கொண்டு வரும். அதுவரை ஃபில்லிங்கோடு முடிந்திருக்க வேண்டியது, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) வரை போய்விடும். ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். யூஜெனால் மிச்சமிருந்தால் வெள்ளை ஃபில்லிங் சரியாக இறுகாது.

நல்ல சேதியும் உண்டு. யூஜெனாலுக்காக மொட்டுகளைத்தான் பறிக்க வேண்டும் என்றில்லை. உதிரும் இலையையும் காம்பையும் ஆவியில் வடித்தாலே கிடைக்கும். சூயிங் கம்மில் சர்க்கரைக்குப் பதில் இனிப்புக்குப் போடும் சைலிட்டாலும் அப்படித்தான், மணி உதிர்த்த சோளக் கதிரின் தண்டிலிருந்துகூட எடுக்கிறார்கள். சொத்தையை உண்டாக்கும் கிருமியால் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்க முடியாது. (நாய் வளர்ப்பவர்கள் கவனம், நாய்க்கு அது விஷம்.) ஆனால் ‘ஃப்ளோரைடு இல்லை’ என்று பெருமையாக அச்சடித்த மூலிகைப் பேஸ்டுகளை எனக்குப் பிடிக்காது. பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் வேண்டும். வேம்பு, கிராம்பு அதோடு சேர்ந்து இருந்தால் இருக்கட்டும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது பாக்கு. “புகையிலை சேர்க்க மாட்டேன் டாக்டர், வெறும் வெத்தலை பாக்குதான்” என்று பாட்டிமார்கள் சமாதானம் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலையே இல்லாத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்தியது. பாக்கில் உள்ள அரேக்கோலின் கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கும். காரம் பட்டாலே எரியும், வாய் திறப்பு குறையும். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம் அதிகமாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்களிடம் அவர்களுடைய விரல்கள் மூன்றைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ புண்ணோ 2 வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.