ஊர் மறையும், உச்சி தெரியும்: மாம் டோர் மலையின் பனிக்கடல்

நவம்பர் மாதத்துக் காலை. காசில்டன் கிராமத்துத் தெருவில் நின்றால் எதிர்வீட்டுக் கூரை தெரியாது. விளக்குகள் மஞ்சள் பொட்டுகளாக மிதக்கும். காது மடல் விறைக்கும். இந்த வானிலையில் மலை ஏறி என்ன பார்க்கப்போகிறோம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வட்டாரத்தில் நடந்து பழகியவர்கள் இப்படிப்பட்ட காலைக்காகவே காத்திருப்பார்கள். மேற்கே ஒரு மணி நேரம் ஏறினால் மூடுபனி திரை விலகினாற்போல் சட்டென்று முடிந்துவிடும். தலைக்கு மேலே துடைத்த வானம், முகத்தில் வெயில். திரும்பிப் பார்த்தால் ஊர் இருந்த இடத்தில் வெள்ளைக் கடல். அதைக் கிழித்துக்கொண்டு சிமென்ட் ஆலையின் புகைபோக்கி மட்டும் தூரத்தில் நிற்கும்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது காசில்டன். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. சில நூறு பேர் மட்டும் வாழும் இந்த ஊருக்கு மேற்கே நிற்கிறது மாம் டோர். உயரம் 517 மீட்டர். ஊரிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 300 மீட்டர்தான் ஏற வேண்டும். பெரிய மலை என்று சொல்ல முடியாது. அந்த 300 மீட்டருக்குள் வானிலை எப்படித் தலைகீழாகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

வழக்கமாக உயரே போகப் போகக் குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்குப்படி மாம் டோர் உச்சி, ஊரைவிட 2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். பனிக்கடல் தோன்றும் காலைகளில் நடப்பதோ நேர்மாறு. உச்சியில் கம்பளி மேலங்கியைக் கழற்றத் தோன்றும், ஊருக்குள் புல் வெளுத்துக் கிடக்கும். இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள்.

இது தொடங்குவது முந்தைய நாள் மாலையில். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் போர்வைபோலப் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் போனது போனதுதான். தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் கனமானது. சரிவில் தண்ணீர் எப்படிப் பள்ளம் பார்த்து ஓடுமோ, அப்படியே இதுவும் ஓடும். வேகம் நம் நடையளவுதான். நாலாபுறச் சரிவுகளிலிருந்தும் வழிந்து வரும் இந்தக் காற்று பள்ளத்தாக்கின் தரையில் குளம்போலத் தேங்குகிறது. ஹோப் பள்ளத்தாக்கின் மேற்கு முனையில், மூன்று பக்கமும் மேடு சூழ உட்கார்ந்திருக்கும் காசில்டன், அந்தக் குளத்தின் அடியில் இருக்கிறது.

அடுத்தது ஈரம். 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 9 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரிக்கு வந்துவிட்டால் 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் எங்கே போகும்? காற்றில் மிதக்கும் தூசி, உப்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு நுண்துளிகளாகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். முழுத் தெருவையும் மறைக்கும் மூடுபனியில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர்கூட இருக்காது. இத்தனை கொஞ்சம் தண்ணீர் ஓர் ஊரையே காணாமல் அடிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மேலிருந்து மூடி போடுவது உயர் அழுத்தம். வானிலை வரைபடத்தில் உயர் அழுத்த மண்டலம் இங்கிலாந்தின் மேல் நிலைகொண்டால், உயரத்தில் உள்ள காற்று மெல்லக் கீழிறங்கும். இறங்கும்போது அழுந்தும், அழுந்தினால் சூடாகும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி. இந்த வெதுவெதுப்பான, உலர்ந்த காற்று, கீழே தேங்கிய குளிர்காற்றின் தலையில் மூடிபோல அமர்கிறது. கனமானது கீழே, லேசானது மேலே என்று இருப்பதால் இரண்டும் கலக்க வழியில்லை. மூடுபனி உருவான பிறகு அதன் மேற்பரப்பே தரையைப்போல வெப்பத்தை வானத்துக்கு இழக்கத் தொடங்கும். அதனால்தான் விளிம்பு அத்தனை துல்லியமாக, கடல்மட்டம்போலத் தட்டையாகத் தெரிகிறது.

உச்சிக்காட்சியின் தெளிவுக்கும் காரணம் இந்த மூடிதான். புகை, தூசி, ஈரம் எல்லாம் மூடிக்கு அடியில் சிறைப்பட்டுவிடுகின்றன. மேலே இருப்பது உயரத்திலிருந்து இறங்கிய சுத்தமான காற்று. 517 மீட்டர் உயரத்திலிருந்து, குறுக்கே எதுவும் இல்லாத சமதளத்தில், பூமியின் வளைவு 81 கிலோமீட்டர் வரை பார்க்க அனுமதிக்கும். காற்று ஒளியைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கூடும். நடைமுறையில் வடக்கே 636 மீட்டர் உயரக் கிண்டர் ஸ்கவுட் குறுக்கே நிற்கிறது. மற்ற திசைகளில் கண்ணை நிறுத்துவது பெரும்பாலும் புழுதியும் ஈரமும்தான். அவை அடங்கிய காலையில் எட்டத்து மலைகள் கத்தியால் செதுக்கியதுபோல நிற்கும்.

உச்சியிலிருந்து வடகிழக்காக, ஹாலின்ஸ் கிராஸ் வழியாக லூஸ் ஹில் வரை மலைமுகடு நீள்கிறது. நடப்பவர்களின் கால்பட்டு மண் அரிக்காமலிருக்க அதன்மேல் கற்பலகைகள் பாவியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஈடேல் பள்ளத்தாக்கு, மறுபக்கம் ஹோப் பள்ளத்தாக்கு. சில காலைகளில் ஈடேல் மட்டும் நிரம்பி, ஹாலின்ஸ் கிராஸின் தாழ்வான பகுதியில் மூடுபனி அருவிபோல வழிந்து இந்தப் பக்கம் விழும். ஆனால் தரையைத் தொடாது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாவதால் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய காட்சி அது. படம் எடுத்துவிட்டு நகர்ந்தால் அந்த மறையும் கணம் தப்பிவிடும்.

குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் நம் நிழல் வடமேற்கே, ஈடேல் பக்கத்து மூடுபனிமேல் விழும். நிழல் பூதாகாரமாகத் தெரியும். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள்! ஜெர்மனியின் புரோக்கன் மலையின் பெயரால் இந்த நிழலைப் புரோக்கன் பூதம் என்பார்கள். துளிகளுக்குள் நுழைந்து வந்த திசைக்கே திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடியும் குறைந்தும் அந்த வளையங்களை உண்டாக்குகின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றியே வளையம் தெரியும், உங்கள் தலையைச் சுற்றி அல்ல. 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் இத்தகைய வளையங்களைக் கண்ட சி.டி.ஆர். வில்சன், அவற்றை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். அந்த முயற்சிதான் அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேகக் கலமாக வளர்ந்தது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்டோபரில் காலை பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் மூடுபனி கரைந்துவிடலாம். வெள்ளைப் பரப்பு பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிட, ஊடுருவும் கொஞ்சம் ஒளி தரையைச் சூடாக்கி, அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் அதை அரிக்கும். டிசம்பரில் நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான் ஏறுகிறது. அப்போது காசில்டன் நாள் முழுக்க வெயிலைப் பார்க்காமலே இருக்கவும் கூடும்.

மூடுபனி கலையும்போது மலையின் கிழக்கு முகம் வெளிப்படும். அது சிதைந்த முகம். மாம் டோர் மணற்பாறை அடுக்குகளும் ஷேல் எனும் மெல்லிய களிப்பாறை அடுக்குகளும் மாறி மாறிச் சேர்ந்த மலை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அந்த முகம் சரிந்தது. சரிவு இன்னும் நிற்கவில்லை. மழை மிகுந்த குளிர்காலத்தில் பாறை இடுக்குகளில் நீர் நிறைந்து, அழுத்தம் கூடி, மண் மறுபடி நகரும். ஷேலில் உள்ள பைரைட் எனும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகி, பாறையை உள்ளிருந்தே தளர்த்துகிறது. நடுங்கும் மலை என்று உள்ளூர்க்காரர்கள் இதற்குப் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

வின்னட்ஸ் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்க்க, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவின் மீதே சாலை போட்டார்கள். சரியச் சரியச் செப்பனிட்டு, முடியாமல் 1979-இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். வண்டிகள் இப்போது எந்த ஏற்றத்தைத் தவிர்க்க நினைத்தார்களோ அதே வின்னட்ஸ் வழியாகத்தான் ஏறுகின்றன. பழைய சாலையில் மனிதர்கள் நடக்கிறார்கள். உச்சியிலிருந்து ஊருக்கு அந்த வழியாக இறங்கினால், ஓரிடத்தில் சாலை பிளந்து, ஒரு பகுதி ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிக் கிடக்கும். வெட்டு முகத்தில் தார் அடுக்கின்மேல் தார் அடுக்காக, ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் போட்ட ஒட்டு தெரியும். நடுவே ஓடிய வெள்ளைக்கோடு இன்னும் அழியவில்லை.