ஒருசீர்ப் பொதி: ‘பிளெயின் பேக்கேஜிங்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

புகையிலைச் சட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது ‘பிளெயின் பேக்கேஜிங்’ என்ற தொடர் கண்ணில் படும். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘வெற்றுப் பெட்டி’ என்றுதான் முதலில் கை போகும். ஆனால் வெற்றுப் பெட்டி என்றால் உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி. சரி, ‘எளிய உறை’ என்று போடலாமா? சிக்கனமாகச் செய்த உறை என்றாகிவிடும். சட்டம் கேட்பது இரண்டுமே இல்லை.

எந்த நிறுவனத்தின் சிகரெட்டாக இருந்தாலும் பெட்டியின் நிறமும் தோற்றமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். இலச்சினை கூடாது, பொன்னிறக் கோடு கூடாது, பளபளப்பு கூடாது. பெயர் மட்டும் இருக்கலாம். அதுவும் சட்டம் சொன்ன எழுத்தில், சொன்ன அளவில், சொன்ன இடத்தில். கூடவே நோயைக் காட்டும் படமும் எச்சரிக்கையும் பெரிதாக இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியை வெறுமை என்று எப்படிச் சொல்வது?

இதை முதலில் நாடு முழுவதும் கொண்டுவந்தது ஆஸ்திரேலியா. 2011இல் சட்டம்; 2012 டிசம்பர் 1 முதல் கடைகளில் முழு நடைமுறை. தொலைக்காட்சி, பத்திரிகை, விளையாட்டுப் போட்டி என்று விளம்பர வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பிறகு மிஞ்சிய விளம்பரப் பலகை, சட்டைப்பையிலிருந்து நாளெல்லாம் வெளியே வந்து போகும் அந்தப் பெட்டிதான். நிறுவனங்கள் வழக்குப் போட்டன: இலச்சினை எங்கள் சொத்து, அரசு அதை எடுத்துக்கொள்கிறது என்றன. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2012இல் 6–1 என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்தது. உலக வர்த்தக அமைப்பில் எழுந்த வழக்கும் 2020இல் மேல்முறையீடு வரை போய் ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாகவே முடிந்தது.

பெட்டிக்குத் தேர்ந்தெடுத்த நிறத்தை முதலில் ‘ஆலிவ் பச்சை’ என்றார்கள். ஆலிவ் விளைவிப்போர் எதிர்த்தார்கள், தங்கள் விளைச்சலின் பெயர் புகையிலையோடு ஒட்டக்கூடாது என்று. அப்புறம் அது ‘மங்கிய அடர்பழுப்பு’ ஆனது. ஒரு சொல் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இனி வேரைப் பார்ப்போம். ‘பிளெயின்’ லத்தீனின் ‘பிளானுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூலப்பொருள் தட்டை, சமம். சமவெளிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அலங்காரம் இல்லாதது என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. தமிழாக்கத்துக்கு அந்தப் பழைய பொருளே நமக்கு உதவுகிறது என்பது என் எண்ணம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதானே இந்தச் சட்டம்?

பிரிட்டனில் ‘ஸ்டாண்டர்டைஸ்டு’ என்ற அடைமொழியை வைத்தார்கள். அதை ‘தரப்படுத்திய பொதி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ‘தரம்’ என்றதும் நம் காதில் விழுவது நல்ல தரம். புகையிலைக்கு நாமே சான்றிதழ் கொடுத்தது போலாகும். தீங்கு குறைவு என்று எண்ணவைக்கும் ‘லைட்’, ‘மைல்ட்’ போன்ற ஏமாற்றுச் சொற்களைப் பெட்டியிலிருந்து விலக்கச் சட்டங்கள் பாடுபடும்போது, தமிழாக்கத்தில் அப்படி ஒன்றை நுழைக்கக் கூடாது.

ஆகவே ‘ஒருசீர்ப் பொதி’. ‘ஒருசீராக’ என்பது அன்றாட வழக்குதான். சீருக்குச் சிறப்பு என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். ‘ஒரு’ முன்னால் சேர்ந்ததும் சமன் என்ற பொருளே மேலோங்குகிறது. ‘பொதி’ என்றால் சிலருக்குச் சுமை நினைவுக்கு வரும். ஆனால் பொதிதல் என்பது உள்ளே வைத்து மூடுதல்; ‘பொருள் பொதிந்த பேச்சு’ என்கிறோமே. இலங்கைத் தமிழில் பார்சலைப் பொதி என்பது இன்றும் இயல்பு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்துடன் கூடிய எச்சரிக்கை இருப்பதாலேயே ஒரு பெட்டி ஒருசீர்ப் பொதி ஆகிவிடாது. மீதி இடத்தில் நிறுவனத்தின் நிறமும் இலச்சினையும் இருந்தால் அது ‘எச்சரிக்கைப் படமிட்ட பொதி’, அவ்வளவே.