மீண்டும் கண்டுபிடிக்க முடியாத மலர்: புதிய ரோஜா ரகங்களும் அவற்றின் காப்புரிமையும்

1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு கொடி ரோஜாவுக்குக் காப்புரிமை வழங்கியது. தாவரக் காப்புரிமை எண் 1 என்று பதிவான அந்த ரகத்தின் பெயர் ‘நியூ டான்’. உரிமை பெற்றவர் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி போசன்பெர்க். வெளிர் இளஞ்சிவப்புப் பூக்களைத் தாங்கிய அந்தக் கொடி, 1910-இல் விற்பனைக்கு வந்த ‘டாக்டர் டபிள்யூ. வான் ஃபிளீட்’ என்ற பழைய ரகத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. பழையது ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் தொடக்கத்தில் பூத்து ஓய்ந்துவிடும். புதியதோ பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் பூத்தது. அந்த ஒரு வேறுபாட்டுக்காகவே உலகில் முதன்முறையாக ஒரு தாவரம் காப்புரிமைப் பதிவேட்டில் ஏறியது.

பொதுவாக ஓர் இயந்திரத்துக்கோ மருந்துக்கோ காப்புரிமை கோருபவர் அதன் செய்முறையை முழுமையாக எழுதித் தர வேண்டும். அத்துறையில் பயிற்சி உள்ள எவரும் அதைப் படித்து அதே பொருளைச் செய்ய இயல வேண்டும். ரோஜாவில் நிலைமை நேர்மாறானது. எந்த இரண்டு செடிகளைக் கலந்தோம் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டாலும், அதே கலப்பை ஆயிரம் முறை செய்தாலும், அதே செடி மறுபடியும் பிறப்பதில்லை. ஆனால் அந்தச் செடியின் ஒரு போத்து, அதாவது நட்டால் வேர்விடும் கிளைத்துண்டு, கையில் கிடைத்துவிட்டால், கூரிய கத்தியும் ஈர மண்ணும் கொண்ட எவரும் அச்சு மாறாத செடிகளை எண்ணின்றி உருவாக்கிவிடலாம். இங்கே எழுதப்பட்ட செய்முறையால் பயனில்லை. மாதிரிச் செடியோ முழுக் கண்டுபிடிப்பையும் தன்னுள் வைத்திருக்கிறது. மலர்ச் செடிகளுக்கான சட்டங்களில் விசித்திரமாகத் தோன்றும் விதிகளுள் பெரும்பாலானவை இந்த உயிரியல் உண்மையிலிருந்தே பிறந்தவை என்பது என் கருத்து.

அதே செடி ஏன் மீண்டும் பிறப்பதில்லை என்பதற்குக் காரணம் குரோமோசோம்களில் இருக்கிறது. இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை ஏழு குரோமோசோம்கள் கொண்ட தொகுப்பின் நான்கு படிகளை, அதாவது மொத்தம் 28 குரோமோசோம்களைக் கொண்டவை. சீனத்து ரோஜாக்கள், ஐரோப்பிய ரோஜாக்கள், மேற்கு ஆசியாவின் மஞ்சள் ரோஜா எனப் பல இனங்கள் இரண்டு நூற்றாண்டுகளாகக் கலந்து கலந்து உருவானவை என்பதால், அந்த நான்கு படிகளும் ஒன்றோடொன்று ஒத்திருப்பதில்லை. மகரந்தமும் சூலும் உருவாகும்போது இவை புதிதாகக் கலைத்து அடுக்கப்படுகின்றன. ஆகவே ஒரே கனியில் அருகருகே கிடக்கும் இரண்டு விதைகளிலிருந்துகூட நிறம், மணம், முள், உயரம் ஆகிய அனைத்திலும் வேறுபட்ட செடிகள் முளைக்கின்றன.

கலப்புச் செய்யும் முறை எளிது, பொறுமைதான் அரிது. தாயாகத் தேர்ந்த செடியின் மொட்டு விரிவதற்குச் சற்று முன்பே இதழ்களை நீக்கி, மகரந்தப்பைகள் வெடிப்பதற்குள் அவற்றைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகக் களைந்துவிட வேண்டும். இல்லையேல் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டுவிடும். தந்தைச் செடியின் மகரந்தப்பைகளைத் தனியே உலர்த்தி, அவை உதிர்க்கும் மஞ்சள் தூளை, தாய்ப்பூவின் சூல்முடி பிசுபிசுப்பாக மாறும் நேரத்தில் தூரிகையால் தடவி, பெற்றோரின் பெயர்களையும் தேதியையும் எழுதிய அட்டையைக் காம்பில் கட்டுகிறார்கள். ஏறத்தாழ நான்கு மாதங்களில் கனி பழுக்கிறது. அதன் விதைகள் உடனே முளைப்பதில்லை; பல வாரங்கள் ஈரத்துடன் குளிரில் வைத்திருந்தால்தான் அவற்றின் உறக்கம் கலைகிறது. அப்போதும் கணிசமான பகுதி முளைக்காமலே போய்விடுகிறது.

முளைத்த நாற்றுகளில் முதல் பூவைப் பார்த்தவுடனேயே பெரும்பாலானவை களைந்தெறியப்படுகின்றன. எஞ்சியவற்றின் மொட்டுகளை எடுத்து, உறுதியான வேர்ச்செடிகளில் மொட்டு ஒட்டுக் கட்டி, திறந்த நிலத்தில் ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறார்கள். இலைகளைக் கரும்புள்ளி நோய் தாக்குகிறதா, மழையில் நனைந்த மொட்டு விரியாமல் அழுகுகிறதா, வெயிலில் நிறம் வெளுக்கிறதா, வெட்டிய பூ குவளையில் எத்தனை நாள் நிற்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைப்பதற்குள் எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிவிடும். பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் ஒரு சிலவற்றுக்கு மட்டுமே பெயர் சூட்டுகின்றன. சந்தைக்கு வரும் ஒரு ரோஜாவின் விலையில் களைந்தெறியப்பட்ட அத்தனை நாற்றுகளின் செலவும் அடங்கியிருக்கிறது.

கலப்பு இல்லாமலும் புதிய ரகம் தோன்றும். ஒரு மொட்டின் உயிரணுக்களில் ஏற்படும் சடுதிமாற்றம் அந்த ஒரு கிளையை மட்டும் வேறுபடுத்திவிடுவது உண்டு. ‘நியூ டான்’ அப்படிப் பிறந்ததுதான். சாமந்தியில் இதைக் காமாக் கதிர்களால் தூண்டியே செய்கிறார்கள். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வழியில் பல சாமந்தி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. பெட்டூனியா போன்ற விதைவழி மலர்களின் கதை வேறு. அவற்றில் விற்கப்படுவது முதல் தலைமுறைக் கலப்பு விதை; அதிலிருந்து வளர்ந்த செடியின் விதையை எடுத்து நட்டால் குணங்கள் சிதறிவிடும். பெற்றோர் வரிசைகளைத் தன் தோட்டத்துக்குள் வைத்திருக்கும் வரை உருவாக்கியவருக்கு இயற்கையே காவல். போத்து, பதியன், ஒட்டு ஆகியவற்றால் பெருகும் ரோஜாவுக்கு அந்தக் காவல் கிடையாது.

அந்தக் குறையைத்தான் அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுத் தாவரக் காப்புரிமைச் சட்டம் நிரப்ப முயன்றது. எலிப்பொறிக்குக் காப்புரிமை பெற முடிகிறது, உலகுக்குப் புதிய கனியைத் தருபவருக்கோ எதுவும் கிடைப்பதில்லை என்று கலிபோர்னியாவின் புகழ்பெற்ற தாவர இனவிருத்தியாளர் லூதர் பர்பேங்க் மனம் வருந்தி எழுதியிருந்தார். 1926-இல் அவர் மறைந்த பின், அவர் மனைவியும் தாமஸ் எடிசனும் இச்சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தனர். விதையின்றிப் பெருக்கப்படும் ரகங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். செய்முறையை முழுமையாக எழுத வேண்டும் என்ற நிபந்தனை தளர்த்தப்பட்டு, செடியை இயன்ற அளவு நிறைவாக வருணித்தால் போதும் என்று ஆனது. காட்டில் கண்டெடுத்த செடிக்கு உரிமை கோர முடியாது என்பதும் பின்னர் தெளிவாக்கப்பட்டது.

இச்சட்டம் ஐரோப்பாவில் ஏற்படுத்திய விளைவை ஒரே ரோஜாவின் வரலாற்றில் காணலாம். பிரான்சின் லியோன் நகருக்கு அருகே பிரான்சிஸ் மெய்யான் 1935-இல் செய்த கலப்பு ஒன்றிலிருந்து, 3-35-40 என்ற எண்ணிட்ட நாற்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மஞ்சள் இதழ்களின் விளிம்பில் இளஞ்சிவப்புப் படர்ந்த பெரிய பூ அது. இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குச் சற்று முன்பின்னாக அதன் ஒட்டுக்குச்சிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. பிரான்சில் ‘மேடம் ஏ. மெய்யான்’ என்றும், ஜெர்மனியில் ‘குளோரியா டேய்’ என்றும் வழங்கிய அந்த ரகத்துக்கு, 1945 ஏப்ரல் 29 அன்று கலிபோர்னியாவில் ‘பீஸ்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் விற்ற செடிகளுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் வழியே ராயல்டி வந்தது. சொந்த நாட்டிலும் அத்தகைய உரிமை வேண்டும் என்று மெய்யான் தம் வாழ்நாளின் எஞ்சிய ஆண்டுகளில் போராடினார். 1958-இல் அவர் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1961 டிசம்பரில், புதிய தாவர ரகங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை பாரிஸில் கையெழுத்தானது. ஜெனீவாவில் இருந்து இயங்கும் உபோவ் என்ற அமைப்பு அதன் விளைவு.

உபோவ் முறையில் ஒரு ரகம் புதியதாக இருக்க வேண்டும் என்பதோடு மூன்று தேர்வுகளில் தேற வேண்டும். ஏற்கெனவே அறியப்பட்ட எந்த ரகத்திலிருந்தும் அது தெளிவாக வேறுபட வேண்டும். அதன் செடிகள் யாவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினாலும் குணம் மாறாதிருக்க வேண்டும். தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என இவற்றைக் குறிப்பிடுகிறார்கள். தேர்வு எழுத்தில் நடப்பதன்று, நிலத்தில் நடப்பது. புதிய ரகத்தை, அதை ஒத்த பழைய ரகங்களுக்கு அருகிலேயே நட்டு, முள்ளின் அளவு, இலையின் பளபளப்பு, இதழ்களின் எண்ணிக்கை, பூவின் விட்டம் எனப் பல பண்புகளை அளந்து குறிக்கிறார்கள். நிறத்தைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் வெளியிடும், 900-க்கும் மேற்பட்ட நிறங்கள் கொண்ட வண்ண அட்டையோடு இதழை ஒப்பிட்டு எண்ணால் குறிக்கிறார்கள். அழகு இந்தத் தேர்வில் இடம்பெறுவதே இல்லை. அது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் அழகைத் தீர்மானிக்கும் வேலை அரசு அலுவலருடையது அன்று.

ஒத்த தோற்றம் கொண்ட இரண்டு செடிகள் தனித்தனியே தோன்றினால் என்ன செய்வது என்ற கேள்வி 1995-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. கிறிஸ்துமஸ் பருவத்துக்கு முன்பே பூக்கும் ஹீத்தர் என்ற பூச்செடியின் வகை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்த இமேசியோ நர்சரி, அதேபோல் முன்கூட்டிப் பூக்கும் செடியை விற்ற டேனியா கிரீன்ஹவுசஸ் மீது வழக்குத் தொடுத்தது. காப்புரிமை அந்த ஒரே தாய்ச்செடிக்கும் அதிலிருந்து விதையின்றிப் பெருகிய செடிகளுக்கும் மட்டுமே உரியது என்றும், எதிராளியின் செடி அந்தத் தாய்ச்செடியின் வழித்தோன்றல் என்று நிறுவினால்தான் மீறல் ஆகும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயந்திரக் காப்புரிமையில் ஒருவர் தானாகவே அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லித் தப்ப முடியாது. தாவரக் காப்புரிமையில் முடியும்.

சடுதிமாற்றமோ வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒருவர் பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய சாமந்தியை மற்றொருவர் வாங்கிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நிறம் மட்டும் மாறிய கிளையைத் தம் ரகமாகப் பதிந்துகொள்ள முன்பு இடமிருந்தது. 1991-இல் திருத்தப்பட்ட உபோவ் உடன்படிக்கை, அடிப்படையில் மூல ரகத்திலிருந்தே பெறப்பட்ட ரகம் என்ற கருத்தைச் சேர்த்து இதைத் தடுத்தது. அத்தகைய ரகத்தை விற்க மூல உரிமையாளரின் அனுமதி வேண்டும். அதே உடன்படிக்கை மற்றொரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது: காப்புப் பெற்ற ரகத்தைப் பெற்றோராகக் கொண்டு புதிய கலப்புச் செய்ய எவருக்கும் தடையில்லை. ரோஜா இனவிருத்தியின் உயிர்நாடி இந்தச் சலுகையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ‘பீஸ்’ ரோஜா எத்தனையோ பிற்கால ரகங்களுக்குப் பெற்றோராக அமைந்தது. முன்னோர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் இன்றைய ரோஜாக்களில் பாதி பிறந்திருக்காது.

மரபணுவுக்கே காப்புரிமை பெறும்போது அந்த வாயில் குறுகுகிறது. ரோஜாவில் நீல நிறம் தோன்றாததற்குக் காரணம், டெல்ஃபினிடின் என்ற நிறமியை உருவாக்கும் நொதி அதனிடம் இல்லாததே. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் ஃபிளோரிஜீன் நிறுவனமும் 1990 முதல் இணைந்து உழைத்து, பான்சி மலரின் மரபணுவை ரோஜாவில் புகுத்தின. 2004-இல் அறிவிக்கப்பட்ட அந்த ரோஜா, 2009-இல் ‘அப்ளாஸ்’ என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் நிறம் நீலத்தைவிட இளம் ஊதாவுக்கே நெருக்கமானது. இதழ்ச் செல்லின் நுண்குமிழில் உள்ள அமிலத்தன்மை நிறமியைச் சிவப்பை நோக்கி இழுக்கிறது. 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாமந்தியில் உண்மையான நீலத்தை எட்டினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய இரண்டு மரபணுக்களில் ஒன்று நம் வேலிகளில் படரும் சங்குப்பூவினுடையது. இத்தகைய ரகங்களில் மரபணுக் காப்புரிமையும் ரக உரிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. முதலாவதில், பல நாடுகளில், கலப்புக்கான அந்தச் சலுகை இல்லை.

உரிமைக்குக் காலவரம்பு உண்டு. அமெரிக்கத் தாவரக் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 25 ஆண்டுகள். வணிகப் பெயரைப் பதிவு செய்து புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவில்லை. அதனால்தான் ரகங்களுக்கு இரட்டைப் பெயர்கள் வழங்குகின்றன. அமெரிக்காவில் 2000-இல் வெளிவந்து பெருமளவில் விற்ற ‘நாக் அவுட்’ ரோஜாவின் பதிவுப் பெயர் ‘ராட்ராஸ்’. உருவாக்கிய வில்லியம் ராட்லரின் பெயரிலிருந்து வந்த முன்னெழுத்துகள் அதில் இருக்கின்றன. காப்புரிமை முடிந்தபின் ‘ராட்ராஸ்’ செடியை எவரும் பெருக்கலாம். ‘நாக் அவுட்’ என்ற பெயரில் விற்க முடியாது.

இந்தியா தன் பாதையைத் தனியே வகுத்துக்கொண்டது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தாவரங்களையும் விதைகளையும் ரகங்களையும் காப்புரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. மாற்றாக 2001-இல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வந்தது. உபோவில் இந்தியா உறுப்பினராகவில்லை. ரோஜா போன்ற பயிருக்கு முதலில் ஆறு ஆண்டுகளும், புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகளும் உரிமை கிடைக்கும். ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் வளரும் கொய்மலர் ரோஜாக்களில் பல ஐரோப்பிய இனவிருத்தியாளர்கள் உருவாக்கியவை என்பதால், இந்த விதிகள் அங்குள்ள விவசாயியின் கணக்கையும் நேரடியாகத் தொடுகின்றன. சட்டத்தின் 30-ஆம் பிரிவு, காப்புப் பெற்ற ரகத்தைக் கொண்டு ஆராய்ச்சி செய்யவும் புதிய ரகம் உருவாக்கவும் இடம் தருகிறது. விற்பனைக்கான உற்பத்திக்கு அந்த ரகத்தைப் பெற்றோராகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்தால் மட்டுமே உரிமையாளரின் அனுமதி தேவை. கலப்பு விதை விற்பவரை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும், ஏனெனில் அவர் ஒவ்வொரு ஆண்டும் பெற்றோரைக் கலந்தாக வேண்டும். ரோஜாவில் கலப்பு ஒருமுறை நடந்தால் போதும். அதன் பின் எல்லாம் ஒட்டுக்கட்டல்தான். ஆகவே ஒரு சிறு நர்சரிக்காரர்கூட முறையாக வாங்கிய, காப்புப் பெற்ற ரோஜாவின் மகரந்தத்தை எடுத்துத் தம் தோட்டத்துச் செடியில் தடவி, முளைக்கும் நாற்றுகளில் நல்லதைத் தேர்ந்து, தேர்வில் தேறினால் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.